நாள் சீட்டு நடத்திய பித்தான் கடை மாமா

நம் சந்துக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பித்தான் கடை ஷேக் முகைதீன் மாமாவோடு நீங்கள் எல்லோரும் பல வருஷம் பழகியவர்கள். அவரைப் பற்றி எழுத நான் யார்? நாற்பதாம் நாளுக்கு ஒரு நினைவுத் தாள் அச்சுப் போடப் போவதாகவும், படித்த பிள்ளை அதை எழுதட்டும் என்று நீங்கள் சொன்னதாகவும் கயிற்றுக் கடை சோணைமுத்து, அதாவது என் அப்பா, வந்து சொன்னார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள் நான். காகிதத்தில் என்றால் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் திண்டுக்கல் பள்ளிக்கூடத்துக்குச் சேதி கார்டில் வந்தது. அப்பா அனுப்பிய கார்டுதான், ஆனால் கையெழுத்து வேறு. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நான் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மாமாதான். முடிவில் ஒரு கோடு இழுத்து, “இதுவரை உன் அப்பன் சொன்னது. இனி நான் கேட்பது: லீவு என்றைக்கு விடுகிறார்கள்?” என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார். இந்தக் கார்டில் கோடு இல்லை. முதலில் அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். “அப்பா சொல்லி எழுதுவது” என்று தொடங்கியிருந்தது. அப்படியானால் போனவர் யார் என்று அதற்கு மேல் படிக்காமலே தெரிந்துவிட்டது. மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சாய்ந்தாராம்.

இந்தத் தாள் வெளியூருக்கும் போகும் என்பதால் நாள் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் கயிறு, பித்தான், குடை என்று எங்களுடையவை ஏழும் ஒற்றை ஆள் கடைகள். ஒருநாள் மாமா அப்பாவைக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

“வருசம் பூராம் கயித்தையே பாத்துக்கிட்டிருக்கியே மாப்ள, அருவியப் பாத்திருக்கியா?”

“கடையப் பூட்டிட்டு எங்கிட்டுப் போறது பாய்? ஆறு நா பூட்டுனா அம்புட்டு வாடிக்கையும் அடுத்த சந்துக்குப் போயிரும்.”

“ஒரு நா பூட்டுனா?”

“ஒரு நான்னா பொறுத்துக்கிருவாய்ங்க.”

“அப்பச் சரி. நாங்க ஆறு பேரும் ஆளுக்கு ஒரு நா எங்க கடையப் பூட்டிட்டு ஒன் கடையில வந்து உக்காருறோம். நீ போயிட்டு வா. அடுத்து எனக்கு நீங்க உக்காருங்க.”

அவ்வளவுதான் சீட்டு. பணச் சீட்டில் பணம் போடுவது போல இதில் நாளைப் போட வேண்டும். வருஷா வருஷம் தை மாதம் பித்தான் டப்பாவுக்குள் ஏழு பெயர்களை மடித்துப் போட்டுக் குலுக்கி, அந்த வருஷத்துக்கு ஒன்றை எடுப்பார்கள். ரயில் செலவுக்கு வீட்டுப் பெண்கள் வாராவாரம் ஆளுக்கு ஓரணா மாமாவின் மனைவி ரஹ்மத் மாமியின் உண்டியலில் போடுவார்கள். “காசு சேக்குறது பொம்பளைக, நாளு சேக்குறது ஆம்பளைக” என்பார் மாமா. அதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைக் காலேஜில் சேர்ப்பதற்காக அப்பா சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருஷச் சீட்டு அவர் பெயருக்கு விழுந்திருந்ததால், அந்த நாட்களை இதற்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாமா ஒப்பவில்லை. “படிப்புக்கும் நோவுக்கும் சாவுக்கும் சீட்டு எதுக்கு மாப்ள? அதுக்குத்தான் நாம இருக்கோமே. இது சும்மா இருக்குறதுக்கு.” சென்னைக்குப் போன மூன்று நாளும் அவரே வந்து எங்கள் கடையில் உட்கார்ந்தார். அதைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. சாரல் தொடங்கியதும், காலேஜ் திறப்பதற்கு முன்பே எங்களைக் குற்றாலத்துக்கு விரட்டினார். கல்யாணமும் கருமாதியும் இல்லாமல் எங்கள் குடும்பம் ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. அருவிக்குப் பக்கத்தில் யாரோ பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்து, “நம்ம சரக்கு இல்ல” என்றார். “இந்நேரம் கடையில யாரு இருப்பா?” என்று வேளைக்கு வேளை கேட்டார். “யாரோ இருக்காக, நீங்க மொதல்ல தலைய நனைங்க” என்றாள் அம்மா. நனைத்தார். மூன்றாம் நாள் கடையைப் பற்றிக் கேட்க மறந்துபோனார்.

ஊர் திரும்பியதும் வேறு வழக்கு. மாமா தன் முறையன்று எங்கள் கடைக் கயிற்றை நாடா அளப்பது போலவே அளந்து, அவர் கடை வழக்கப்படி ஆளுக்கு ஒரு சாண் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு மாட்டுக்குக் கயிறு வாங்க வந்த சம்சாரிகள் எல்லோரும், “பாய் இருக்கயில ஒரு சாண் கூடக் குடுத்தாருண்ணே” என்று நின்றுவிட்டார்கள். அப்பா நேரே பித்தான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். “ஒரு சாண் கயித்துல ஒன் கடை அத்துக்கிட்டு ஓடியிராது மாப்ள” என்று மாமா சிரித்தார். இன்றைக்கும் அப்பா ஒரு சாண் கூடத்தான் கொடுக்கிறார்.

மாமா தன் பெயருக்கு விழுந்த சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. யுத்தத்தால் ரயிலில் இடமே கிடைக்காத வருஷம்கூட மாட்டு வண்டி பிடித்து, மாமியையும் இரண்டு பெண்களையும் அழகர்மலை அடிவாரத்துக்காவது கூட்டிப் போய்ச் சோறு பொங்கினார். “மல்லியப்பூவ நாளைக்கு வச்சுக்கிருவோம்னு யாராச்சும் இன்னைக்கு வாங்குவாகளா?” என்று கேட்பார்.

இந்தத் தை மாதம் சீட்டு அவருக்கு விழுந்தது. பெண்களுக்குத் தனுஷ்கோடியில் கடல் காட்டுவதாக இருந்தார். மாசியில் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தபோது, எங்கள் கடையில் நீங்கள் பேசிக்கொண்டதை உள்ளே இருந்து கேட்டேன். “தலையே சாஞ்சிருச்சு. குடைக்காரரும் மகன் ஊரோட போயிட்டாரு. ஆறு நாளைக்கு அஞ்சு பேருதான் இருக்கோம். இதோட முடிச்சுக்கிருவோம்ணே” என்றார் ஒருவர். அப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தாவில் இருக்கும் மாமியைப் பார்த்தேன். “உண்டியல ஒடைக்கல தாயி” என்றார். “கடலு எம்புட்டுப் பெருசுன்னு புள்ளைக ரெண்டும் கேட்டுக்கிட்டே இருக்குதுக. அவுக இருந்தா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாக.” மாமியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

மாமாவின் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தக் கார்டுகள்தான். ஒவ்வொன்றிலும் கோட்டுக்குக் கீழே அவருடைய வரி இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் விசாரித்தார்கள். லீவு என்றைக்கு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டுக் கேட்டே, காலண்டர் கைக்கு வந்ததும் லீவு நாட்களைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு வந்தது. அதை விடப் போவதில்லை.

பி.ஏ. முடித்து வந்தபோது, “ஒரு நா என் கடையில வந்து உக்காரு புள்ள. ஏழாம் நம்பர் ஊசி குடுன்னா ஒன் பி.ஏ. என்ன செய்யுதுன்னு பாப்போம்” என்று கேலி செய்தார். பொம்பளை ஒருத்தி நாள் போட்டால் சீட்டில் சேராதா என்று அப்போதே கேட்டிருக்கலாம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அவர் பெயருக்கு விழுந்த சீட்டு விழுந்ததாகவே இருக்கட்டும். இத்தா முடிந்த பிறகு, இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் மாமியின் தம்பி துணைக்குப் போக, மாமியும் பெண்களும் கடல் பார்த்து வரட்டும். ஐந்து நாளுக்கு நீங்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஆறாவது நாளைச் சனிக்கிழமையாக வைத்து எனக்குக் கொடுங்கள். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெள்ளி இரவே திண்டுக்கல்லிலிருந்து வந்துவிடுவேன். ஊசி நம்பர் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாடா ஒரு சாண் கூடப் போனால் அந்தக் கடை வழக்கம் என்று விட்டுவிடுங்கள். பித்தான் டப்பாவில் குடைக்காரர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதிப் போடுங்கள்.