டைனமோ வெளிச்சத்தில் ஒரு விரல்

போர்க்காலம். மின்சாரமில்லை, பற்றரிக்கும் தடை. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு டொக்டர் அறைக் கதவைச் சாத்தி, சைக்கிள் டைனமோ விளக்கில்தான் கட்டிகளைப் பார்ப்பார். அடுத்த நோயாளி பெடலைச் சுற்ற வேண்டும். அது அங்கே வழக்கம்.

நெட்டையான மனிதர். யாருடைய கையைத் தொடுமுன்னும் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

என் விரல் மூட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. புற்றுநோயென்று பயந்து போயிருந்தேன். விளக்கை விரலோடு ஒட்டிப் பிடித்தார். கட்டிக்குள் வெளிச்சம் போகவில்லை.

“நீர்க்கட்டியில்லை. மூட்டுச் சவ்விலை அபூர்வமா வாற கட்டி.”

“ஆபத்தோ டொக்டர்?”

“இல்லைப் பிள்ளை. நோகவுமில்லை, விரலும் நல்லா மடியுது. உது ஒருத்தரையும் கொல்லாது.”

“அப்ப நான் நிப்பாட்டட்டோ?” என்றார் பெடல் சுற்றிய கிழவர்.

விளக்கு அணைந்த பின்னும் டொக்டர் என் விரலை விடவில்லை.

பல வருடம் கழித்து நான் கனடாவுக்கு வந்த பிறகு ஸ்கான் எடுத்தார்கள். அவர் சொன்னதையேதான் மெஷினும் சொன்னது. என் கையைத்தான் ஒருவரும் தொடவில்லை.