கறிவேப்பிலைக்கு ஒரு டப்பா குங்குமப்பூ

ஏழாம் மாதத்து மதியத் தூக்கம் இருக்கிறதே... அது தனி உலகம். வெளியே மழை. கரமனை ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று. நான் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருக்கிறேன். வயிற்றுக்குள் ஒருத்தர் சாவகாசமாகப் புரண்டு படுக்கிறார்.

போன வாரம் அப்படி மிதந்துகொண்டிருந்தபோது பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம். மெல்ல எழுந்து போனேன். மீனு நின்றிருந்தாள். என் மகள், யு.கே.ஜி. தரையில் ஒரு மக், அதற்குள் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் குங்குமப்பூ டப்பா... காலி! அவள் இரண்டு கையும் மஞ்சள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த டப்பா வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பு ஆரியசாலையிலிருந்து என் கணவரின் அக்கா கொண்டுவந்தார். "தினம் பால்ல நாலு இழை போட்டுக் குடி, கேட்டியா? குழந்தை நன்னா வெளுத்துப் பொறக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூத்தது இப்படி ஆயாச்சு. இதாவது..." என்றார்.

'இப்படி' மேஜைக்கு அடியில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் என் கணவர் நல்ல சிவப்பு, நான் மாநிறம், மீனு கறுப்பு. மழையில் நனைந்த கருங்கல் மாதிரி மினுமினுக்கும் கறுப்பு. அக்கா அப்படிச் சொன்னதும் நான் என்ன செய்தேன்? சிரித்தேன். தேங்க்ஸ் சொன்னேன். தினமும் ராத்திரி பாலில் போட்டுக் குடிக்கவும் செய்தேன். நம்பியா? இல்லை. மாசமாக இருக்கிறவளுக்கு வந்த குங்குமப்பூவை எங்கள் பக்கத்தில் யார் வேண்டாம் என்பார்கள்? அதோடு, வாசனையும் நன்றாக இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்றும் நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் எல்லோரும் நினைப்பதுதான்.

இப்போது என் பெண் குங்குமப்பூவைக் கரைத்துக் குளிக்கப் பார்க்கிறாள்.

ஆனால் நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் ஆயிற்றே... கையில் ஸ்பீச் ரெடி! கட்டிலில் உட்கார்த்தி ஆரம்பித்தேன். தோலுக்குள் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு, எல்லா நிறமும் அழகு...

மீனு பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "அம்மா, நான் குளிக்கலை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"நீ குடிச்சா பாப்பா வெளுத்துடும், அல்லே? அப்பா வெளுப்பு. பாப்பாவும் வெளுப்பு. பின்னே என்னை மாதிரி யாரு இருப்பா?"

இவள் வெள்ளையாக ஆசைப்படவில்லை. துணைக்கு ஆள் தேடியிருக்கிறாள்.

அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள். "நான் வயத்துல இருக்கும்போதும் இதைக் குடிச்சியா?"

இல்லை என்றால், பாப்பாவுக்கு மட்டும் ஏன் என்பாள். ஆமாம் என்றால்... 'நீ வேற மாதிரி பிறக்கணும்னு ஆசைப்பட்டேன்' என்று அர்த்தமாகிவிடும். பொய் சொல்லலாம். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"குடிச்சேன், கண்ணம்மா. அத்தைதான் அப்பவும் கொண்டுவந்தா. குடிச்சது என் தப்பு."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முழுக்கக் குடிச்சியா?"

"முழுக்க."

"அப்படியும் நான் வெளுக்கலையா?"

"இல்லை..."

மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அந்த முகத்தில்! பந்தயத்தில் ஜெயித்தவள் சிரிப்பு. என் வயிற்றில் வாயை வைத்து, "பாப்பா! அம்மா என்ன குடிச்சாலும் நீ விடாதே, கேட்டியா?" என்று கத்தினாள்.

உள்ளே ஒரு உதை. சத்தியமாக!

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். டப்பா தீர்ந்தது தெரிந்து அடுத்த டப்பாவை நீட்டினார். மீனு என் புடவையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாம் அக்கா" என்றேன். "எனக்கு மீனு மாதிரியே இன்னொண்ணு வந்தா சந்தோஷம்."

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. டப்பாவைக் கைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. மீனு அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. அத்தையின் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலைச் செடியைக் காட்டினாள்.

"அத்தை, ஒரு டப்பா முழுக்கக் குடிச்சது இந்தச் செடிதான். கண்டோ... பச்சையாவேதான் இருக்கு!"