நீக்க முடியாத வரி

தி.நகர் பயிற்சி மையத்தில் என் மகளின் பேச்சுப் பயிற்சி முடியக் காத்திருந்தேன். பக்கத்தில் சைதாப்பேட்டையிலிருந்து வரும் இளம்பெண். மடியில் நான்கு வயது மகள். அவளுக்கும் ஆட்டிசம். மின்விசிறியைப் பார்த்த குஷியில் கைகளைப் படபடவென்று அடித்தாள். அம்மாக்காரி இரண்டு கைகளையும் பிடித்து அமுக்கினாள். குழந்தை வீறிட்டது.

"விடும்மா, சந்தோஷத்துல ஆட்டறா."

"இன்னாக்கா நீங்க, நெட்லயே போட்டுகீது!" என்று கைப்பேசியை நீட்டினாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியம். 'கையாட்டுவதைத் தடுத்துவந்தால் குழந்தை சீக்கிரம் பேசும்' என்று ஆட்டிசம் பக்கத்தில் ஒரு வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் களஞ்சியத்தில் நானும் பழைய ஆள்தான். ஏரி, குளம் என்று நிறைய எழுதியிருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே வரியை நீக்கினேன். மயிலாப்பூர் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு மகானுபாவர் அதைத் திரும்பப் போட்டிருந்தார்: 'சான்றுள்ள தகவலை நீக்காதீர்.' நீக்கினேன். போட்டார். மூன்றாம் முறை எச்சரிக்கை விடுத்தார். ஆட்டிசக் குழந்தை ஒன்றையாவது பார்த்திருப்பாரோ என்னவோ, விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார்.

சான்று என்ன தெரியுமா? அடையாறில் வாசலில் வீசிவிட்டுப் போகும் இலவச வாரப் பத்திரிகை. கொசுவலை விளம்பரத்துக்குக் கீழே இதே மையத்தின் இயக்குநர் பேட்டி. நேரே போய்க் கேட்டேன். அம்மணி அசரவில்லை.

"நானா சொந்தமா சொல்லுவேனா மேடம்? கலைக்களஞ்சியத்துல பார்த்துதான் சொன்னேன்."

களஞ்சியத்துக்குப் பத்திரிகை சாட்சி, பத்திரிகைக்குக் களஞ்சியம் சாட்சி. நல்ல குடும்பம்!

முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று பக்கத்தின் பழைய பதிப்புகளைத் தோண்டினேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், சான்று எதுவும் இல்லாமல் ஏறியிருந்தது. பயனர் பெயர் என்னுடையது. மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த மாதம் அது. யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். கூசிப்போய்விட்டது.

கட்டுரையைத் திருத்துகிறவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் ஒப்புக்கொண்டேன்: அந்த வரியை எழுதியவள் நான், அது தவறு. மகானுபாவர் பதில் போட்டார்: 'சொந்த அனுபவம் சான்றாகாது.' ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தாரோ!

அடுத்த வகுப்பன்றும் அந்தப் பெண் மகளின் கைகளைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

"அதை எழுதினது நான்தாம்மா. தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

சட்டென்று பிடியை விட்டாள். என்னையே பார்த்தாள்.

"அப்போ உங்க பொண்ணு கையையும் இப்டித்தான் புடிச்சிகினு இருந்தீங்களாக்கா?"

"ரெண்டு வருஷம்" என்றேன்.