இடிக்கப்போகிற வீடு

அந்த அட்டைப்பெட்டி போர்டிகோவின் இடது மூலையில், ஒரு காலத்தில் அம்பாசிடர் கார் நின்ற இடத்தில், சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. இடுப்பு உயரம்கூட இருக்காது. பக்கவாட்டில் ஒரு பீங்கான் கோப்பையின் படம், மேல்நோக்கிய இரண்டு அம்புக்குறிகள், உடையும் பொருள் என்பதற்கு அடையாளமாக ஒரு கண்ணாடித் தம்ளர். அந்த வீட்டு மாடியில் குடியிருந்த காலத்தில் பெரும்பாலும், பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். துணி தேய்ப்பவர் மூட்டையை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் பெல் அடிப்பார். செய்தித்தாள் அதன்மேல்தான் வந்து விழும். உள்ளே இருந்தது ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். இதைப் போய் எழுத வந்துவிட்டாளே என்று யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். திண்டுக்கல்லில் எனக்குப் பழக்கமான மனிதர்களில் அந்த வீட்டுக்காரம்மாவைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பெட்டியை விட்டுவிட்டு அவரை நினைக்க முடியவில்லை, என்ன செய்ய.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டுப் பிழைத்த குடும்பம். எனக்கு டவுனில் ஆசிரியை வேலை கிடைத்ததும் வீடு தேடி அலைந்தோம். அந்த மாதிரிக் குடியிருப்பு நகரில் எல்லாம் நமக்கு வீடு கிடைக்குமா என்று என் வீட்டுக்காரர் தயங்கிக்கொண்டேதான் உள்ளே வந்தார். டாக்டர்கள், மில் வைத்திருப்பவர்கள், பைனான்ஸ்காரர்கள் குடியிருக்கிற இடம். எதிர்வீட்டில் இரண்டே மாடிக்கு லிப்ட் வைத்திருந்தார்கள். நடுவில் இந்த ஒரு வீடுதான் பழசு. தோல் வியாபாரம் செய்த வீட்டுக்காரம்மாவின் கணவர், சுற்றிலும் கருவேல மரம் நின்ற காலத்தில் வாங்கிக் கட்டியது. தேக்கில் இழைத்த கதவுகள், கால் வைத்தால் குளிர்கிற மொசைக் தரை, ஜன்னலுக்கு ஜன்னல் வேறு வேறு நிறக் கண்ணாடி. கணவர் மவுத்தான பிறகு வீட்டுக்காரம்மா கீழே தனியாக இருந்தார். மூத்த மகன் சென்னையில், இளையவன் துபாயில். வாடகை பேசப் போன அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான். "செத்த நேரம் பேசிட்டு இருக்குற ஆளா நீங்க? பேசாத ஆளுன்னா வேணாம் டீச்சர். இந்தத் தெருவுல பேசாத ஆளு நெறைய இருக்காங்க." நான் பேசுகிற ஆள்தான் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. கீழ்வீட்டில் இருந்தது பின்கட்டில், படி இறங்கிப் போகிற, குத்தவைக்கிற கக்கூஸ். குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே வட்டமாக அறுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். நான் ஒருமுறை கொடியில் துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வெளுத்த சேலையின் முக்காட்டை ஒரு இழை விலகாமல் போட்டிருக்கிற மனுஷி. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அடுத்த வாரம், "ஏம்மா டீச்சர், கடைக்குத் தொணைக்கு வர்றீங்களா" என்று கூப்பிட்டார். ஹார்டுவேர் கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கடைக்காரர் முன்னால் வெட்கப்பட்டு, கடைசியில் வெள்ளையில் ஒன்றை எடுத்தார். லோடு ஆட்டோவில் பெட்டி முன்னால் போக, நாங்கள் ஷேர் ஆட்டோவில் பின்னாலேயே வந்தோம். புது நகை வாங்கி வருகிற மாதிரி சந்தோஷம் அவர் முகத்தில். பிளம்பர் வந்து படுக்கையறைக்குப் பக்கத்துச் சின்ன ரூமை அளந்து பார்த்தார். "குழாய் பக்கத்துலயே ஓடுதும்மா. அர நாள் வேலதான்" என்றார்.

அந்த அரை நாள் வேலை நடக்கவில்லை. மறுநாள் காலை பிளம்பர் உளியோடு வந்து நிற்கிறார், சென்னையிலிருந்து மூத்த மகன் போன். நல்ல பார்ட்டி ஒன்று அமைந்திருக்கிறது, இந்த மாதமே வீட்டைப் பார்க்க வருகிறார்கள், வாங்கியதும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், இடிக்கப்போகிற வீட்டில் எதற்கம்மா தரையை உடைக்கிற வேலை, ஒரு மாதம் பொறுங்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பென்று எதைச் சொல்ல? சென்னையில் வாங்கப்போகிற வீட்டில் அம்மாவுக்குத் தனி அறை, அறைக்குள்ளேயே எல்லாம் என்று ஆசையாகத்தான் சொன்னான். தினமும் அம்மாவுக்குப் போன் செய்கிற பிள்ளை அவன். வீட்டுக்காரம்மா போனை வைத்துவிட்டு, பிளம்பருக்கு டீ கொடுத்து அனுப்பினார். "ஒரு மாசந்தானே டீச்சர், ஓடிப் போயிரும்." பெட்டி போர்டிகோவிலேயே இருந்தது.

பார்ட்டி வந்த அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். வீட்டுக்காரம்மா காலையிலிருந்தே வீட்டைத் துடைக்க வைத்து, கதவுகளுக்கு எண்ணெய் தடவி, பாதாம் பால் காய்ச்சி வைத்திருந்தார். வந்தவர்கள் நாலு பேரும் ஹாலில் நின்றார்கள், ஆனால் ஹாலைப் பார்க்கவில்லை. புரோக்கர் வெளியே டேப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா கதவைத் தொட்டுக் காட்டி, "இது கேரளாத் தேக்கு. எம் புள்ளைங்க அத்தாவே போய் மரம் பாத்து எடுத்துட்டு வந்தாங்க" என்றார். பெரியவர் ஒருவர் மரியாதையாகவே, "வீட்ட விடுங்கம்மா. எத்தன சென்ட்டு, முன்னாடி ரோடு எத்தன அடி, அதச் சொல்லுங்க" என்றார். கொண்டுவந்த பாலை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் மொசைக் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணுக்குத்தான் வெலையாம் டீச்சர். மேல கட்டுனதுக்கு ஒண்ணுமில்லையாம். இடிக்கிற கூலியக் கழிச்சிக்கிருவாங்களாம்ல." நாங்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீடு, எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிற வீடு, விலை பேசும்போது இல்லாமலே போய்விடுகிறது என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வியாபாரம் படியவில்லை. இளையவன் துபாயிலிருந்து, பைபாஸ் பக்கம் என்னென்னவோ வரப்போகிறது, விலை இன்னும் ஏறும், அவசரப்படாதே என்று அண்ணனைத் தடுத்தான். அவன் சொன்னபடியே ஏறியது. ஏறியதால் அடுத்து வந்தவர்களும் படியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மனை விற்றால் போதும், அன்றைக்கே இந்த வீட்டுக்கும் புது விலை வந்துவிடும். யார் சொல்லி யாருக்குத் தெரியுமோ, பால்காரரிலிருந்து பள்ளிக்கூட ஆயா வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காய்கறி வண்டிக்காரர் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் விலையைக் கூட்டிச் சொல்வார். கேட்டால், "ஒங்களுக்கென்னம்மா, கோடீஸ்வரி" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை மாடியில் நின்று கேட்டேன். "கோடி கோடிங்குறியே அப்பு, அந்தக் கோடிய வச்சு எனக்கு ஒரு தடவ குத்தவச்சு எந்திரிக்க முடியுமா, சொல்லு பாப்பம்." வண்டிக்காரர் சிரித்துவிட்டு ஒரு கைப்பிடி மல்லித்தழை சேர்த்துப் போட்டார். அவருக்கு விளங்கியிருக்காது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடியில் எங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தது. வாடகைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று மகன்களே மாடி எடுத்தபோது வைத்தது. சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க ஒரு சாவியை நான் கீழே கொடுத்திருந்தேன். நாங்கள் வந்த சில மாதங்களில், சாயங்காலம் வீடு திரும்பினால் குளியலறைத் தரை கழுவிக் காய்ந்திருப்பதையும், பினாயில் வாசம் அடிப்பதையும் கவனித்தேன். நான் கழுவவில்லை. என் வீட்டுக்காரர் கழுவுகிற ஜாதி இல்லை. ஒருநாள் அரைநாள் லீவில் வந்தபோது, வெளிப்படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்துச் சேர்த்து வீட்டுக்காரம்மா இறங்கிக்கொண்டிருந்தார். நான் தெருமுனைக் கடையிலேயே நின்று, அவர் கீழே போய்ச் சேருகிற வரைக்கும் வேண்டாத சாமான்களை விலை கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப்பிறகு உள்ளே ஒரு புதுத் துவாலையும் சோப்பும் தனியாக வைத்தேன். சோப்பு கரைந்துகொண்டு வந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் கரைவது நின்றுவிட்டது. படி ஏற முடியாமல் போய்விட்டது என்று எனக்கு அந்தச் சோப்பு சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கே மூத்த மகனுக்குப் போன் போட்டேன். உங்கள் குடும்ப விஷயத்தில் நுழைகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்தக் கோப்பையை மாட்டிவிடுங்கள் என்றேன். அவனுக்கு உண்மையிலேயே சங்கடமாகிவிட்டது. உடனே தம்பியிடம் பேசி, இருவருமாக அம்மாவை மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிளம்பரையும் நானே வரச் சொன்னேன். வேண்டாம் என்றது யார் தெரியுமா, வீட்டுக்காரம்மா. "வர்ற வாரம் மதுரைக்காரங்க வாராங்க டீச்சர். இந்தத் தடவ முடிஞ்சிரும்கிறாங்க. இப்பப் போயி தரைய ஒடச்சு ஒட்டுனா, காச மண்ணுல போட்ட மாதிரில்ல. வீண் செலவு அல்லாவுக்கே ஆகாது." எனக்கு வந்ததே கோபம். உங்களுக்குச் செய்கிறது வீண் செலவா என்று கேட்டேவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோவிக்காதீங்க. இம்புட்டு நாள் பொறுத்தாச்சு." எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, அந்த வீடு இடிந்து கிடக்கிற மாதிரியே அவருக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. இல்லாத வீட்டுக்கு யார்தான் செலவு செய்வார்கள்? மதுரைக்காரர்கள் வந்து, டேப் பிடித்து, போய்விட்டார்கள்.

வீட்டின் மற்ற வேலைகளும் அப்படியே நின்றன. உடைந்த நிறக் கண்ணாடிக்கு அட்டை வைத்தார்கள். சமையலறைக் குழாய் ஒழுகியது, வாளி வைத்தார்கள். சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லை. அந்த நகரிலேயே விலைமதிப்புள்ள இடத்தில், அந்த நகரிலேயே வசதி குறைந்த வீட்டில் அவர் இருந்தார். குடிக்கிற தண்ணீரைக்கூடக் குறைத்துக்கொண்டார், அடிக்கடி போக வேண்டாமே என்று. கடைசியில் அதுவே நோயாகி, மூத்த மகன் காரில் வந்து சென்னைக்கு அழைத்துப் போனான். கிளம்பும்போது பெட்டியைக் காட்டி, "மழச் சாரல் அடிக்கும், ஒரு சாக்கப் போட்டு மூடி வச்சிருங்க டீச்சர். திரும்பி வந்ததும் மாட்டிருவோம். எவன் வந்து வெல கேட்டாலும் சரி" என்றார். அப்போதுதான், வீட்டை விட்டுக் கிளம்புகிறபோதுதான், அந்தத் தைரியம் வந்தது அவருக்கு.

சென்னையிலிருந்து ஒருமுறை பேசினார். "இங்க எல்லாம் இருக்கு. வீட்டுக்குள்ளயே மூணு இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். குரல் நூலாக இருந்தது. பெட்டி நனையாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு பேசவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கணவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், திண்டுக்கல்லில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அது அந்த அவசரத்தில் யார் நினைவுக்கும் வரவில்லை போலும்.

அடுத்த வருஷம் வீடு விற்றது. பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை என்று ஊரே பேசியது. எங்களுக்குக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். அந்த நகரில் வேறு வீடு பார்க்க எங்களுக்கு வக்கில்லை. ஏறிய விலைக்கு வாடகையும் ஏறியிருந்தது. இப்போது சின்னாளப்பட்டி தாண்டி இருக்கிறோம், தினம் பஸ்ஸில் வந்து போகிறேன்.

போன மாதம் சம்பளக் கணக்கு விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. கால்கள் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பின. வீடு இல்லை. கதவுகளைப் பழைய மரக்கடைக்காரர் இடிக்கத் தொடங்கிய முதல்நாளே கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். மொசைக் தரை துண்டு துண்டாக ஒரு மூலையில் குவிந்திருந்தது. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த ஆட்கள், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள் பெண்கள். போர்டிகோ இருந்த இடத்தில் தகரம் அடித்து ஒரு சின்ன அறை போட்டிருந்தார்கள். அதன் வாசலில் அந்த அட்டைப்பெட்டி, பிரித்துத் தட்டையாக்கி, கால் துடைக்கப் போட்டிருந்தது. அம்புக்குறிகளும் தம்ளரும் சேற்றில் பாதி தெரிந்தன. தகரக்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல், அந்தக் கோப்பை.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் வந்தார். அவசரமாகப் போக வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, "போய்ட்டு வாங்கம்மா, சுத்தமாத்தான் இருக்கு" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "புதுசும்மா அது. பெட்டியப் பிரிக்காம சாக்கு போட்டு மூடிக் கெடந்துச்சு. யாரோ வாங்கிப் போட்டு மறந்துட்டாங்க போல. வேலக்காரங்களுக்கு ஆவட்டும்னு எஞ்சினியர் மாட்டச் சொல்லிட்டாரு."

"மாட்ட ரொம்ப நேரம் ஆச்சா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா. அர நாளுல முடிஞ்சிருச்சு."