பெட்ரோல் மூடியில் ஒரு பூட்டு

ஆம்புரோஸ் தன் வேன் கண்ணாடியில் எதையும் தொங்கவிட மாட்டார். மாலை, மணி, பொம்மை எதுவும் கூடாது. ஓட்டுகிறவன் கண் அதன் பின்னாலேயே ஆடும் என்பார். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லாரிப் பட்டறையில் கிடந்து, பார்த்துப் பார்த்தே இஞ்சின் வேலை பழகியவர். முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு குனோங் ராபாட்டுக்கு வந்து, பழைய வேன் ஒன்றை வாங்கினார். ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றிக்கொண்டு போவதுதான் பிழைப்பு. விடியற்காலை ஷிப்டைச் சம்பள டிரைவர் அர்ச்சுனன் ஓட்டுவான். மத்தியானத்திலிருந்து இவர்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்டில் அந்த வேன் திடீரென்று பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை வரை தாங்கும் பெட்ரோல் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்து, முள் கீழே படுத்தது. பாதை அதே பாதை, ஆட்களும் அதே ஆட்கள்.

முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றினார். பிரேக் எங்கும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. டயரில் காற்று சரியாக இருந்தது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தார். ஒரு சொட்டு விழவில்லை. இஞ்சினை மட்டும் திறக்கவில்லை. அந்த வருஷம்தான் அதை அவரே பிரித்துக் கோத்திருந்தார். கொஞ்சம் இருமுகிறது, பழைய வண்டி இருமத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சந்தேகம் வண்டியை விட்டு இறங்கி அர்ச்சுனன் பக்கம் போனது. அவன் தினமும் வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தோங்கை, மூடி போட்ட பெரிய வாளியை, இறக்கிக் கொண்டுபோவான். தொழிற்சாலைக் கேண்டீனிலிருந்து மாட்டுக்குக் கழனித் தண்ணீர் என்று சொல்லியிருந்தான். ஒருநாள் அவன் முகம் கழுவப் போன நேரத்தில் ஆம்புரோஸ் குனிந்து தோங்கை மோந்து பார்த்தார். சோற்று வாடைதான். கழுவியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

"அர்ச்சுனா, வண்டில ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா?"

அர்ச்சுனன் பார்வை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கணம் போய்த் திரும்பியது.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லாத்தான் ஓடுது."

அந்தப் பார்வை ஆம்புரோஸுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் பெட்ரோல் மூடிக்குக் கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டார்.

விடிகாலையில் வந்த அர்ச்சுனன் பூட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இது யாருக்குண்ணே?"

"திருடனுக்கு."

"பொம்பளப் புள்ளைங்க எண்ணெ உறிஞ்ச மாட்டாங்க. அப்போ நான்தான்லா?" வேன் சாவியைச் சீட்டின்மேல் வைத்தான். "வேற ஆள் பாத்துக்குங்க."

அன்றிலிருந்து இரண்டு ஷிப்டும் ஆம்புரோஸ் தலையில் விழுந்தன. பூட்டு இருந்தது, திருடனும் போய்விட்டான். முள் மட்டும் முன்போலவே படுத்தது. அடுத்த வாரமும் இப்படியே போனால் வேனையே விற்கவேண்டி வரும்.

அதுவரை சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, ஒருநாள் விடியலில் மழைக் குளிரில் கிளம்ப மறுத்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அவர் கை சோக்கைத் தேடியது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும் குமிழ் அது. இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், குளிர்ந்த வண்டி கிளம்பும். சூடேறியதும் முழுசாக உள்ளே தள்ளிவிட வேண்டும். சூடான வண்டியையே ஓட்டி வந்தவருக்கு அதைத் தொடும் வேலை இருந்ததில்லை. இப்போது இழுத்துக் கிளப்பி, சூடேறியதும் தள்ளினார். விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. தடவினார். குமிழின் கழுத்தில் பருமனாக ஒரு கயிறு சுற்றியிருந்தது, அதில் ஒரு புனிதையின் சிறிய சுரூபம்.

இஞ்சினைத் திறந்து பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் அடுப்புக்கரி. எந்நேரமும் சோக் பாதி இழுத்தபடியே ஓடியிருக்கிறது.

"கெர்ட்ரூட்!"

வாசலுக்கு வந்த மனைவி அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழால மந்திரிச்சது. கண்ணாடில கட்டினா நீங்க பிச்சி எறிவீங்க. அதான் கண்ணுல படாத எடமாக் கட்டுனேன். அர்ச்சுனன்கிட்டயும் சொல்லாதேன்னுட்டேன்."

மாலையில் ஆம்புரோஸ் பூட்டைக் கழற்றிவிட்டு அர்ச்சுனன் வீட்டுக்கு வேனில் போனார். அவன் மாட்டுக்குக் கழனி ஊற்றிக்கொண்டிருந்தான். அதே தோங். ஆம்புரோஸ் கயிற்றை நீட்டினார்.

"சோக் உள்ள போகல. தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அண்ணிக்கு வாக்கு குடுத்துட்டேன். உங்க சாமி கயித்த நான் எந்தக் கையால அவுக்கிறது?"

"எண்ணெ அதுலதான்டா போயிருக்கு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் டிரைவர். மெக்கானிக் நீங்கதான்லா."

ஆம்புரோஸ் வேன் சாவியை நீட்டினார். அர்ச்சுனன் அதை உடனே வாங்கவில்லை. வேனைச் சுற்றிப் போய் பெட்ரோல் மூடியைப் பார்த்தான்.

"பூட்டு எங்க?"

"கழட்டிட்டேன்."

"திரும்ப மாட்டுங்க. பூட்டுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு மறுபடி கொறைஞ்சா, முதல்ல இஞ்சினத் தொறப்பீங்கல்ல?"

பிறகுதான் வேன் சாவியை வாங்கினான். அந்த வேன் விற்கப்படும் வரைக்கும் மூடியில் பூட்டு இருந்தது.