தலையங்கம் வாசித்த உப்பு முதலாளி

எழுபதுகளில் தலையங்கத்துக்காக மெட்ராஸில் விருது வாங்கியவன் நான். பொய். வாங்கியவர் எங்கள் ஆசிரியர். அந்தத் தலையங்கம் அச்சான மிஷினைக் காலால் மிதித்தவன்தான் நான். நான் அச்சடித்ததை நானே எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பேப்பரில் யாராவது வடை மடித்துக் கொடுத்திருப்பார்கள்.

தூத்துக்குடியில் சாயங்காலம் மட்டும் வருகிற சின்னப் பேப்பர் எங்களுடையது. உப்பு வியாபாரிகளின் விளம்பரத்தில்தான் ஓடியது. ஆசிரியரோ அவர்களில் பெரிய முதலாளியைப் பற்றியே எழுதிவிட்டார். வெயிலில் உப்பு வாருகிற பெண்களுக்கு அவருடைய உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் வைப்பதில்லை என்று. மறுநாளே விளம்பரம் நின்றது. நாலு பக்கப் பேப்பர் ரெண்டு பக்கமானது. மிதிக்கிற வேலை குறைந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அளத்துக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

அந்தத் தலையங்கத்துக்குத்தான் விருது. ஊரில் பாராட்டுக் கூட்டம் என்றதும் முதலாளியே அச்சகத்துக்கு வந்துவிட்டார்.

"நடந்ததை மறந்துருவோம். நானே தலைமை தாங்குதேன், விளம்பரமும் பழையபடி தாரேன்."

"தாங்குங்க அண்ணாச்சி. ஆனா விருது வாங்குன தலையங்கத்தைத் தலைவர்தான் வாசிக்கணும்" என்றார் ஆசிரியர்.

முதலாளி அதைப் படித்ததே இல்லை. கணக்குப்பிள்ளை சொல்லக் கேட்டதோடு சரி.

"அதுல எம்பேரு இருக்கா?"

"இல்ல."

"அப்போ வாசிச்சாப் போச்சு!"

அவர் போனதும் நான் ஆசிரியரிடம், "விளம்பரம் வருதுல்லா, பேசாம சால்வையை வாங்கிட்டு இறங்கிருங்க" என்றேன்.

"ஏலே, நீ அளத்துக்குப் போயி எல்லாப் பொம்பளைகளையும் வரச் சொல்லு. முன்வரிசையில உக்காரணும்."

மண்டபம் நிறைந்திருந்தது. முதலாளி கணீரென்று வாசிக்க ஆரம்பித்தார். 'முதலாளியின் காரைக் கழுவத் தண்ணீர் இருக்கிறது' என்ற இடம் வந்ததும் குரல் நின்றது. பெண்கள் எல்லோரும் திரும்பி, வாசலில் பளபளவென்று நின்ற காரைப் பார்த்தார்கள்.

"இன்னும் இருக்கு, வாசிங்க" என்றார் ஆசிரியர், பாடம் வாசிக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல.

வேர்க்க வேர்க்க முடித்தார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள்.

"நல்லா வாசிச்சிய மொதலாளி. தண்ணி எப்ப வரும்?"

மண்டபமே சிரித்தது. முதலாளி மைக்கிலேயே, "நாளைக்கு" என்றார்.

"காலையிலயா, சாயங்காலமா?" இது ஆசிரியர்.

"காலையில."

மெலிந்த உடம்பு, நைந்த சட்டை, எங்கள் ஆசிரியர் விளம்பரம் போனாலும் போகட்டுமென்று நின்ற நிலையைப் பார்த்து முதலில் கைதட்டியவன் நான்தான். மறுநாள் காலையில் தண்ணீர் வண்டி அளத்துக்குள் போனது. முதல் சொம்பு எனக்குத்தான் என்று நானும் போய் நின்றேன். பெண்கள் என்னை வரிசைக் கடைசிக்கு விரட்டினார்கள்.

விளம்பரம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். அது தனிக் கூத்து. ஒருநாள் கணக்குப்பிள்ளை அச்சகத்துக்கு வந்து...

"ஏங்க, கதை அளந்தது போதும்! சிலிண்டர்காரர் வாசல்ல நிக்காரு!"

வீட்டுக்காரி. அவளை எதிர்த்து உட்கார்ந்திருக்க நான் அந்த ஆசிரியர் இல்லை.