பெருமாளும் மூணாம் நம்பர் வீட்டுக் கைலியும்

இன்னிக்கு காலைல எங்க அபார்ட்மென்ட் வாசல்ல பால் பாக்கெட்டோட நின்னுட்டிருந்தார் செல்வராஜ் சார். திருவெறும்பூர் பக்கம் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர். போன வாரம்தான் மூணாம் நம்பர் வீட்டுக்குக் குடி வந்தார். இடுப்புல கட்டம் போட்ட நீலக் கைலி.

நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?

"சார், இது ஸ்ரீரங்கம், கோயில் ஊரு. வாசலுக்கு வரும்போது வேட்டி கட்டிக்கிட்டா நல்லாருக்கும்"னேன்.

"சரிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

சென்னைலேர்ந்து வந்திருக்கற என் ஆபீஸ் தோழி நந்தினி பக்கத்துலயேதான் நின்னா. அவளை அப்படியே கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் எங்க ஊர்ப் பெருமைதான்.

"இங்க துலுக்க நாச்சியாருக்கு சன்னதி இருக்கு தெரியுமா? டெல்லி சுல்தானோட பொண்ணும்பாங்க. அவங்களுக்காகப் பெருமாள் தினமும் காலைல ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யறார். திருமஞ்சனத்தப்போ கைலிகூட கட்டிக்கறார்!"

கடைசி வார்த்தை வரும்போதே எனக்குக் குரல் இறங்கிடுச்சு.

நந்தினி சிரிக்கக்கூட இல்ல. "அவரையும் வாசலுக்கு வரும்போது வேட்டி கட்டிக்கச் சொல்லுவியா?"ன்னா.

மன்னிப்பு கேக்கணும்னு சாயங்காலம் மூணாம் நம்பர் வீட்டு பெல்லை அடிச்சேன். சார்தான் திறந்தார். மடிப்புக் கலையாத புது வேட்டி, வீட்டுக்குள்ளயே.

"இப்ப சரியா இருக்குங்களா?"

"நல்லாருக்கு சார்"னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.

இனி அவரை எப்படித் திரும்பக் கைலி கட்ட வைக்கறது? யாராவது சொல்லுங்கப்பா. ஊர்ப் பெருமை தெரிஞ்சவங்க மட்டும் வேண்டாம்.